தூக்கிப் பார்த்தவர்கள் வைத்த பெயர்

கேள்வி: பழைய மின்சாதனங்கள் சேகரிக்கிறேன். கைப்பிடியோடு, சூட்கேஸ் மாதிரி ஒரு கணினி விலைக்கு வருகிறது. விற்பவர் '1981 லேப்டாப்' என்கிறார், நண்பர் 'லக்கபிள்' என்கிறார். எது சரி? வாங்கலாமா?

பதில்: நண்பர் பக்கம்தான் நியாயம். விளம்பரத்தில் போட்டது 'போர்ட்டபிள்'. தூக்கிப் பார்த்தவர்கள் அதைத் திரித்து 'லக்கபிள்' ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் 'லக்' (lug) என்றால் மூச்சுவாங்கச் சுமப்பது. நாம் ரயிலடியில் சொல்லும் லக்கேஜும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

1981இல் வந்த இந்த ரகக் கணினியான ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ. பத்து கிலோ அரிசிப் பையை ஒரே கையில் தொங்கவிட்டுக்கொண்டு ரயில் மேம்பாலம் ஏறிப் பாருங்கள், பெயர்க்காரணம் தோளுக்கே புரியும். விமான இருக்கைக்கு அடியில் அடங்கும் என்பது அதன் பெருமை. ஆனால் உள்ளே பேட்டரி கிடையாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிளக் தேட வேண்டும். திரை 5 அங்குலம்தான். மூடி வைத்தால் தையல் மெஷின் போல இருக்கிறது என்ற கேலியும் உண்டு. (நம் வீட்டு மிதி மெஷின் இல்லை, மூடிபோட்டுத் தூக்கும் சின்ன ரகம்.) இதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர்; 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

அடுத்து 1982இன் கேப்ரோ II. அதன் உலோகப் பெட்டியைப் பார்த்து 'டார்த் வேடரின் (ஸ்டார் வார்ஸ் பட வில்லன்) லஞ்ச்பாக்ஸ்' என்றார்கள். பிற்பாடு லஞ்ச்பாக்ஸ் என்பது தனி ரகத்துக்கே பெயரானது: தட்டைத் திரை முகப்பில் நிற்கும், கீபோர்டு அதன்மேல் மூடியாகப் பொருந்தும். 1987இன் காம்பாக் போர்ட்டபிள் III அப்படிப்பட்டது.

லேப்டாப் என்ற பெயரோடு முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் 1983இன் கவிலான் ஒன்று. ஆகவே உங்கள் பெட்டியில் பழைய டிவி போல பிக்சர் டியூப் இருந்தால் அது லக்கபிள். மடித்து மடியில் வைக்க முடிந்தால்தான் லேப்டாப். விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பாமல், பின்புற லேபிளில் மாடல் பெயரைப் பாருங்கள்.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் 'போட்டுக் காட்டுங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்ற பெட்டி 110 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம், நம் 230இல் செருகினால் போச்சு. வோல்ட்டேஜ் பொருந்தினாலும், நாற்பது வருடக் கெப்பாசிட்டர்கள் புகை விடும். பழைய டிவி ரிப்பேர் தெரிந்த ஒருவர் பவர் சப்ளையைத் திறந்து பார்த்தபின் சுவிட்சைத் தொடுங்கள்.