கே-பாப் எனப்படும் தென்கொரிய பாப் இசைக் குழுக்கள் தங்கள் பாடல்களைத் தாங்களே எழுதுவது வெற்றிக்கு உதவுகிறதா?

முதல் வெற்றியைப் பிடிக்க அவ்வளவாக உதவுவதில்லை. பிடித்த வெற்றி நழுவாமலிருக்க நன்றாகவே உதவுகிறது.

பிளாக்பிங்க் என்ற பெண்கள் குழுவின் பெரிய பாடல்களில் பெரும்பாலானவை தயாரிப்பாளர் டெடி பார்க்கின் கைவண்ணம். 2009இல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு பாடிய ‘ஜீனி’யின் மெட்டு நார்வேயிலிருந்து வந்தது. அந்தக் குழுவை உருவாக்கிய எஸ்.எம். நிறுவனம் வெளிநாட்டு இசையமைப்பாளர்களை வரவழைத்து, முகாம் நடத்தி மெட்டு வாங்குவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. இதற்காக அந்தப் பாடல்களை யாரும் கேட்காமல் இருந்துவிடவில்லை.

“எங்கள் பி.டி.எஸ். தாங்களே எழுதுகிறவர்கள்” என்று மார்தட்டும் ரசிகர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2020இல் அமெரிக்காவின் முன்னணிப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அவர்களை முதன்முறையாக முதலிடத்துக்குக் கொண்டுபோன ‘டைனமைட்’ முழுக்க ஆங்கிலப் பாடல். எழுதியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த இருவர். ஆனால் அந்தப் பாடலை முதல் நாளிலிருந்தே விலைகொடுத்து வாங்கக் காத்திருந்த கூட்டம் எங்கிருந்து வந்தது? 2013 முதல் குழு உறுப்பினர்களான ஆர்.எம்., சுகா, ஜே-ஹோப் மூவரும் பள்ளிப் படிப்பின் நெருக்கடி, பணமின்மை, மனச்சோர்வு என்று எழுதிவந்த வரிகள் சேர்த்த கூட்டம் அது. 2020 இறுதியில், இந்த மூவரும் எழுத்தில் பங்கெடுத்த, பெரும்பகுதி கொரிய மொழியிலேயே அமைந்த ‘லைஃப் கோஸ் ஆன்’ அதே பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. வெளியாளின் பாட்டு புதியவர்களை வாசல்வரை அழைத்துவந்தது. உள்ளே உட்காரவைத்தது சொந்த வரிகள்தான்.

இன்னும் தெளிவான உதாரணம், அப்போது ஜி-ஐடில் என்று அழைக்கப்பட்ட பெண்கள் குழு. 2021இல் ஓர் உறுப்பினர் விலகிக் குழுவே ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு தலைவி சோயோன் எழுதிய ‘டாம்பாய்’ அவர்களை மறுபடி உச்சத்துக்குக் கொண்டுபோனது. நல்ல மெட்டு எவரிடமும் கிடைக்கும். அந்த நேரத்தில் அந்தக் குழு என்ன மனநிலையில் இருந்தது என்பது உள்ளே இருப்பவருக்குத்தானே தெரியும்?

ஒரு எச்சரிக்கை: பாடலாசிரியர் பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எட்டுப் பெயர்களுக்கு நடுவே நிற்கும் ஒருவர் நான்கு வரி ராப் மட்டும் எழுதியிருக்கலாம். எல்லோரும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. பதின்மூன்று பேராக வந்த செவன்டீன் குழுவில் பெரும்பாலான பாடல்களின் அச்சாணி ஊஜி என்ற உறுப்பினர் ஒருவர்தான். உடன் பம்ஜூ என்ற தயாரிப்பாளர்.

பணக் கணக்கும் உண்டு. மேடை, விளம்பர வருமானம் குழுவை நடத்தும் நிறுவனத்தோடு பங்கு பிரிக்கப்படும். எழுதியவருக்குரிய பதிப்புரிமைத் தொகையோ கொரிய இசைப் பதிப்புரிமைச் சங்கத்தின் வழியாகத் தனியே வரும், குழு கலைந்த பிறகும். வழக்கமான ஏழாண்டு ஒப்பந்தம் முடியும்போது, மெட்டு கையில் உள்ளவர் நிறுவனத்தோடு பேசும் தொனியே வேறு.