கணினி கேள்வி–பதில்: விண்டோஸ் மாறியது, வைஃபை தடுமாறுகிறது

கேள்வி: 2020-இல் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதால் சென்ற வாரம் விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. சிறிது நேரத்தில் தானாகவே திரும்பவும் வருகிறது. மாலையில் மாணவர்களுக்கு இணைய வழியில் வகுப்பெடுக்கும்போது இது பெரும் தொல்லையாக இருக்கிறது. வீட்டில் மற்றவர்களின் கைபேசிகளில் இந்தச் சிக்கல் இல்லை. சார்ஜர் செருகியிருக்கும்போது அறுவது குறைகிறதோ என்றும் தோன்றுகிறது. பழுதுபார்ப்பவரிடம் கேட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும் என்கிறார். அது அவசியந்தானா?
— பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு அவசியமில்லை. உங்கள் கடிதத்திலேயே இரண்டு நல்ல தடயங்கள் இருக்கின்றன. மற்றக் கைபேசிகள் ஒழுங்காக இயங்குவதால் ரூட்டர் மீதும் பிராட்பேண்ட் இணைப்பு மீதும் சந்தேகம் குறைகிறது. சார்ஜர் செருகினால் தொல்லை குறைகிறது என்பது அதைவிட முக்கியமான தடயம். ஆயினும் ஊகத்தின் பேரில் எதையும் மாற்றுவதற்கு முன், எந்த இடத்தில் அறுகிறது என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. இணைய இணைப்பு என்பது மடிக்கணினியிலிருந்து ரூட்டர் வரை ஒரு பகுதி, ரூட்டரிலிருந்து வெளியுலகம் வரை மற்றொரு பகுதி. விண்டோஸ் மாற்றத்தால் கெடக்கூடியது முதற்பகுதி மட்டுமே.

இதைச் சோதிக்க, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரிக்கும் ‘பிங்’ (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும்) கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். முகவரிக்கு முன் ஒரு சிறுகோடும், ‘டைம்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் சேர்த்தால் நாம் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அச்சிட்டிருப்பார்கள். இணைப்பு அறும் நேரத்தில் இரண்டு சாளரங்களிலும் பதில் நின்றுபோனால் கோளாறு வைஃபையில் இருக்கிறது. ரூட்டரிலிருந்து பதில் வந்துகொண்டேயிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் பிராட்பேண்ட் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பையும் பார்க்கலாம். இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். (முதற்சொல், நெட் என்பதோடு எஸ், எச் சேர்ந்தது, டபிள்யூலேன் என்பது டபிள்யூ, எல், ஏ, என் என்ற நான்கு எழுத்துகள்.) கடந்த 3 நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்பதையெல்லாம் வரைபடத்துடன் ஓர் அறிக்கையாக அது உருவாக்கி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் காட்டும். இணைப்பைத் துண்டித்தது டிரைவர்தான் (வைஃபை அட்டையை விண்டோஸ் இயக்குவதற்கு உதவும் மென்பொருள்) என்று அங்கே எழுதியிருந்தால், அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. அந்த அறிக்கையில் உங்கள் கணினியின் முகவரிகளும் வலையமைப்பின் பெயரும் இடம்பெறுவதால், அதை முழுதாக யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட.

இனி மின்சேமிப்பைப் பார்ப்போம். மடிக்கணினிக்குள் வைஃபை இணைப்பைக் கையாளும் பாகமான வைஃபை அட்டை எந்நேரமும் விழித்திருப்பதில்லை. ரூட்டர் பொதுவாகச் சுமார் 102 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பை ஒலிபரப்பும். உறங்கும் அட்டை அந்த அறிவிப்புக்காக மட்டும் விழித்து, தனக்கு ஏதேனும் தரவு காத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். இதற்கு அட்டையும் டிரைவரும் விண்டோஸும் ஒத்துப்போக வேண்டும். பழைய விண்டோஸுக்காக எழுதிய டிரைவர் புதியதில் தொடரும்போதோ, உங்கள் மடிக்கணினிக்கென்று சீர்செய்திருந்த டிரைவரை விண்டோஸ் அப்டேட் அகற்றிவிட்டுப் பொதுவான ஒன்றை நிறுவும்போதோ இந்த ஒத்திசைவு கெடுவதுண்டு. அட்டை சில அறிவிப்புகளைத் தவறவிட, இணைப்பு போய்விட்டதாகக் கருதி டிரைவர் அதை அறுத்துவிடுகிறது. பேட்டரியில் ஓடும்போது அட்டை கூடுதலாக உறங்கும் என்பதால், சார்ஜர் பற்றிய உங்கள் கவனிப்பு இதனோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆகவே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபை அட்டையின் பண்புகளுக்குள் சென்று, பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இக்கருவியை நிறுத்தக் கணினிக்கு அனுமதி தரும் குறியை நீக்கிவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தத் தாவலே தென்படாது. அப்படியானால் நேரே டிரைவருக்குப் போய்விடலாம். மாற்றத்தைச் செய்தபின் ஒரு மாலை வகுப்பை நடத்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

அது பலிக்கவில்லையென்றால் அதே பண்புகளில் டிரைவர் தாவலைப் பாருங்கள். ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் அழுத்தக்கூடியதாக இருந்தால் அதை அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம். பொத்தான் மங்கலாக இருந்தால், ‘அப்டேட் டிரைவர்’ வழியாகச் சென்று, கணினியில் ஏற்கெனவே உள்ள டிரைவர்களின் பட்டியலைக் காட்டச் சொன்னால் பழைய பதிப்பு அங்கே இருக்கக்கூடும். இரண்டும் இல்லையெனில், மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென விண்டோஸ் 11-இன் கீழ் தந்திருக்கும் வைஃபை டிரைவரை இறக்கி நிறுவுங்கள். டிரைவர்களைத் தாமாகவே புதுப்பித்துத் தருவதாகக் கூறும் இலவச மென்பொருள்களின் பக்கமே போகாதீர்கள். பழைய டிரைவரை நீக்கும் முன் புதியதை இறக்கி வைத்துக்கொள்வது கட்டாயம். மறந்துவிட்டால், ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, டெதரிங் மூலம் இணையம் பெறலாம்.

எல்லோரும் முதலில் பரிந்துரைக்கும் ‘நெட்வொர்க் ரீசெட்’டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அது வலையமைப்பு அட்டைகளை நீக்கி மீண்டும் நிறுவுவதோடு, சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும்; விபிஎன் போன்ற மென்பொருள் இருந்தால் அதையும் திரும்ப அமைக்க வேண்டிவரும். அதற்கும் அடங்காவிட்டால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று சென்று விண்டோஸ் 10-க்கே திரும்பும் வழி இருக்கிறது. உங்கள் கோப்புகள் அழியா. மேம்படுத்திய பிறகு நிறுவிய செயலிகள் மட்டும் போய்விடும். ஆனால் இந்த வழி மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கலாம் என்றாலும், இனி மேம்படுத்தவிருக்கும் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டதால், திரும்பிச் செல்வோர் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கும் விண்டோஸ் 11-க்கு மாறிய பின்தான் தொல்லை தொடங்கியது. ஆனால் இணைப்பு அறுவதில்லை. சிக்னல் முழுதாகக் காட்டிக்கொண்டே வேகம் படுத்துவிடுகிறது. அலுவலகக் காணொலிக் கூட்டங்களில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. புளூடூத் மவுஸும் துள்ளுகிறது. மாறுவதற்கு முன், காப்புப்பிரதி எடுப்பதற்காகப் புதிய வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றும் யுஎஸ்பி ஹப் ஒன்றும் வாங்கினேன்; அவை இப்போதும் செருகியபடியே இருக்கின்றன.
— வீட்டிலிருந்து பணிபுரியும் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஹப்பையும் ஹார்டு டிஸ்கையும் கழற்றிவிட்டு ஒரு கூட்டத்தில் கலந்துகொள்ளுங்கள். யுஎஸ்பி 3.0 வழியே விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது, அதன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அதே அலைவரிசையில்தான் புளூடூத்தும் இயங்குகிறது என்பதால், மவுஸும் சேர்ந்து துள்ளுவது என் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. சிக்னல் கோடுகள் ரூட்டரின் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். கூடவே எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதைக் காட்டா.

மேம்படுத்தலுக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்தால், எந்த அலைவரிசையில், எந்தச் சேனலில் இணைந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். முன்பு 5 கிகாஹெர்ட்ஸில் இருந்த மடிக்கணினி, டிரைவர் மாறியபோது அதன் அமைப்புகளும் மாறி 2.4-க்கு இறங்கியிருந்தால், அதுவரை உறைக்காத ஹப்பின் இரைச்சல் இப்போது உறைக்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் அட்வான்ஸ்டு தாவலில் ‘பிரிஃபர்டு பேண்ட்’ என்ற அமைப்பு இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு முன்னுரிமை தாருங்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால், ரூட்டரில் இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, மடிக்கணினியை 5-இல் மட்டும் இணைக்கலாம். சுவர்களைத் தாண்டும் ஆற்றல் 5-க்குக் குறைவு. ரூட்டர் இரண்டு அறை தள்ளியிருந்தால் 2.4-இலேயே தொடர்ந்து, ஹப்பை ஒரு நீட்டிப்புக் கம்பி மூலம் மடிக்கணினியிலிருந்து தள்ளி வைப்பது மேல். அப்போது ரூட்டரின் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில், அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றுக்கு மாற்றுங்கள்; 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் இந்த மூன்றே.

கேள்வி: கல்லூரி எனக்குத் தந்திருக்கும் மடிக்கணினியை விண்டோஸ் 11 எஜுகேஷன் பதிப்புக்கு மாற்றினார்கள். முன்பெல்லாம் வளாக வைஃபையில் தானாக இணைந்துவிடும். இப்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மீண்டும் மீண்டும் கேட்கிறது. வீட்டு வைஃபையில் ஒரு குறையும் இல்லை.
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: இதில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு, கல்லூரியின் வலையமைப்பு நிர்வாகிதான் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல், எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் உள்ள தகுதியான கணினிகளில் ‘கிரெடென்ஷியல் கார்டு’ என்ற பாதுகாப்பு தானாகவே இயங்கத் தொடங்குகிறது. நீங்கள் கணினிக்குள் நுழையும்போது தரும் கடவுச்சொல்லைப் பிற நிரல்கள் எடுத்துவிடாமல் அது காக்கிறது. எம்எஸ்-சாப் வி2 என்ற பழைய முறையில் ஆளை அடையாளம் காணும் வைஃபைகள், அந்தக் கடவுச்சொல்லைத் தாமாகவே பெற்று இணைந்துவந்தவை. இப்போது அது கிடைக்காததால் உங்களையே கேட்கின்றன. இந்தப் பாதுகாப்பை அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். மாணவர் மதிப்பெண்களைக் கையாளும் கணினியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக டிஜிட்டல் சான்றிதழைக் கொண்டு இணையும் முறைக்கு வளாக வைஃபையை மாற்றுவதே சரியான தீர்வு.

கேள்வி: உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்தினேன். வைஃபை இணைந்திருப்பதாகவே காட்டுகிறது. ஆனால் சில நிமிடங்கள் கணினியைத் தொடாமல் விட்டால் அடுத்த பக்கம் திறக்க நெடுநேரம் ஆகிறது. உபுண்டுவுக்கும் அதே மருந்துதானா?
— கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: முதல் கேள்வியில் பார்த்த மின்சேமிப்புதான் நோயாகத் தோன்றுகிறது, மருந்து இருக்கும் இடம் வேறு. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் வைஃபையை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளில், வைஃபை பவர்சேவ் என்பதற்கு 3 என்று மதிப்புத் தந்திருப்பார்கள். 3 என்றால் மின்சேமிப்பு இயங்கும், 2 என்றால் நிற்கும். ஈடிசி கோப்புறையில் நெட்வொர்க்மேனேஜருக்குள் இருக்கும் கான்ஃப்.டி என்ற உட்கோப்புறையில் அந்தக் கோப்பைக் காணலாம். நிர்வாகி உரிமையுடன் அதைத் திறந்து 3-ஐ 2 ஆக்கிச் சேமித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பேட்டரி சற்று விரைவில் தீரும்.

அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏதேனும் இன்னும் நீங்காமல் இருந்தால், அதைக் கொண்டு தொடங்கிப் பார்க்கலாம். லினக்ஸில் பெரும்பாலான வைஃபை டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருவதால், பழைய கெர்னலில் சரியாக இயங்கினால் குற்றம் புதிய கெர்னலின் டிரைவர்மீதுதான். அதற்கான திருத்தம் வரும்வரை பழைய கெர்னலிலேயே வேலையைத் தொடருங்கள். உங்களுடையது பிராட்காம் அட்டையாக இருந்து, ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ மூலம் டிரைவரைத் தனியே நிறுவியிருந்தால், அது ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி கட்டமைக்கப்பட வேண்டும். அந்தச் சாளரத்தைத் திறந்து, டிரைவரை ஒருமுறை நீக்கி மீண்டும் தேர்ந்தெடுத்தால் அந்த வேலையைக் கணினியே செய்துகொள்ளும். டிரைவரை நீக்கியதும் வைஃபை போய்விடக்கூடும் என்பதால், ரூட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியையோ கைபேசி டெதரிங்கையோ முன்கூட்டியே இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.