அக்காவிடம் கேளுங்கள்: மாதா கோயிலில் உதவி கேட்டால் மதம் மாறச் சொல்வார்களா?

ஏழைகளுக்கு உதவுகிற கத்தோலிக்கத் தொண்டர் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களோடு சேர்ந்து சிங்கப்பூரில் பல வருடம் வீடு வீடாகப் போயிருக்கிறேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு விட்டீர்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம், மாமியார் மருமகள் பஞ்சாயத்தெல்லாம் அடுத்த இதழில்.

அக்கா, என் வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். நான் பள்ளி கேண்டீனில் அரை நாள் வேலை. கரண்ட் பில் இரண்டு மாதம் பாக்கி. பக்கத்து மாதா கோயிலில் சொன்னால் உதவுவார்கள் என்று கீழ்மாடி ஆண்ட்டி சொல்கிறார். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாறச் சொல்வார்களா? மாமியாருக்குத் தெரிந்தால் வீட்டில் பூகம்பம்தான்.
- வாசகி, யீஷூன்

சொல்ல மாட்டார்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் இதழை மூடி வைத்தாலும் இது போதும். இனம், மதம் பார்க்காமல் உதவுவது அந்தச் சபையின் விதியிலேயே இருக்கிறது. நான் போன வீடுகளில் சுவரில் முருகன் இருந்தார், மெக்கா படம் இருந்தது, குவான் யின் சிலைக்கு முன்னால் ஆரஞ்சுப் பழம் இருந்தது. ஒன்றுமே மாட்டாத வீடுகளும் உண்டு. உதவி கிடைத்தது வீட்டு நிலைமையைப் பார்த்துத்தான், படத்தைப் பார்த்து இல்லை. எங்கேயாவது ஒரு பெரியவர் கிளம்பும்போது "உங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லட்டுமா" என்று கேட்கலாம், மறைக்கவில்லை. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அதற்காக அடுத்த மாதம் அரிசி குறையாது.

எப்படிக் கேட்பது? கோயில் அலுவலகத்துக்குப் போன் போட்டு "வின்சென்ட் தே பவுல் சபை ஆட்களிடம் பேசணும்" என்று சொன்னால் போதும். பேர், புளோக் எண், போன் நம்பர் எழுதிக்கொள்வார்கள். உங்கள் புளோக் எந்தப் பங்கின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தைப் பங்கு என்பார்கள்) எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கோயில் ஆட்கள்தான் வருவார்கள், ஆகவே ஒரு கோயிலில் கேட்டு இன்னொரு கோயிலுக்குக் கைகாட்டினால் தட்டிக் கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அப்புறம் இரண்டு பேராக வீட்டுக்கு வருவார்கள், தனி ஆளாக வருவதில்லை. கரண்ட் பில், நகர மன்றக் கடிதம், சம்பளச் சீட்டு, மருத்துவமனைத் தாள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருங்கள். தேடிக்கொண்டு நிற்கிற சங்கடம் இருக்காது.

ஆனால் ஒன்று, அம்மா. இவர்களிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் பெட்டியில் போடுகிற காசு. அரிசி, எண்ணெய், பேரங்காடிப் பற்றுச்சீட்டு, ஒரு பில்லில் கொஞ்சம், பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, இந்த அளவில்தான் இருக்கும். வீட்டுக்காரரின் சம்பளத்துக்கு அது ஈடாகாது. அதனால் இதைவிட முதலில் உங்கள் வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்துக்குப் போய் காம்கேர் உதவிக்கு மனுப் போடுங்கள். 2005 முதல் இருக்கிற அரசாங்கத் திட்டம் அது, அழைக்க வேண்டிய எண் 1800-222-0000. டயாலிசிஸ் நிலையத்தில் மருத்துவ சமூக ஊழியர் என்று ஒருவர் இருப்பார், செலவைக் குறைக்க என்னென்ன வழி என்று அவரைக் கேளுங்கள், அவர்கள் வேலையே அதுதான். கரண்ட் பில் பாக்கியைத் தவணையாகக் கட்டுகிறேன் என்று நீங்களே முந்திப் போய்க் கேட்கலாம். நிறையப் பேர் கடிதம் சிவப்பு எழுத்தில் வரும் வரை வாயைத் திறப்பதில்லை.

மாமியார் விஷயம்: அரிசி மூட்டையில் சிலுவை போட்டிருக்காது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

உதவி கேட்டதற்கு இரண்டு பேர் வந்தார்கள். மகன் எங்கே வேலை பார்க்கிறான், ஏன் காசு தரவில்லை, போன மாதம் எதற்கு எவ்வளவு செலவு என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஒருவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எனக்கு எழுபது வயது. கேட்டதே தப்போ என்று ஆகிவிட்டது.
- வாசகர், புக்கிட் மேரா

ஐயா, எந்த அமைப்பு என்று எழுதியிருந்தீர்கள், அதை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உங்களைக் கேட்காமல் பெட்டியைத் திறந்தது தப்பு, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. அவர்களுக்கு மேலே உள்ள பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். உதவி வாங்குகிறவர் புகார் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்விகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவது நான் போன வின்சென்ட் தே பவுல் சபை தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர், வயது இருபது, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்தது. உங்கள் மதம் ஏழைகளுக்கு இன்றைக்கு என்ன செய்கிறது என்று யாரோ கேட்டார்கள், அந்தப் பையனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ரொசாலி ராந்து என்ற அருள்சகோதரிதான் ஏழைகள் குடியிருந்த தெருக்களில் எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். காசை வாசலில் வைத்துவிட்டு ஓடக் கூடாது, உள்ளே போய் உட்கார வேண்டும். இங்கே உதவி பெறுகிறவர்களை ஆங்கிலத்தில் 'தேவையில் இருக்கும் நண்பர்கள்' என்ற பொருளில்தான் குறிப்பிடுவார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பன் வீட்டுக்குப் போய் யாரும் ஃபிரிட்ஜைத் திறப்பதில்லையே.

என் சொந்தக் கதை ஒன்று. அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை போன வருடம் எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பி, பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் நாலு மாரி பிஸ்கட் கடன் வாங்கி வரச் சொன்னார். வந்தவர்கள் முன்னால் எதையாவது வைக்க வேண்டுமே! பூப்போட்ட தட்டில் நாலு பிஸ்கட், இரண்டு கிளாஸ் கறுப்புக் காப்பி. வந்த அங்கிள் காப்பியை மட்டும் குடித்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அவரும் அப்பாவிடம் சம்பளம், வாடகை, கடன் எல்லாம் கேட்டார். ஆனால் முதல் அரை மணி நேரம் பந்து விளையாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பெரும்பாலும் மலேசியக் கிண்ணம்.

அந்த அரை மணி நேரம்தான் உங்கள் வீட்டில் விடுபட்டுப் போயிருக்கிறது, ஐயா. கேள்வி கேட்காமல் இருக்க முடியாது, அடுத்த புளோக்கில் இன்னும் பத்து வீடு காத்திருக்கும், இருப்பதைப் பங்கிட வேண்டும். மகன் காசு தராத விஷயத்தில் அவர்களிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் "அது பேச வேண்டாம்" என்று சொல்லலாம். ஆனால் என்னிடம் கேட்டால், சொல்லிவிடுவது நல்லது என்பேன். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று 1995 முதல் இருக்கிறது, அதற்கு யாரிடம் போவது என்று வழி சொல்லவாவது அவர்களுக்குத் தெரியும்.

காரித்தாஸ் என்கிறார்கள், வின்சென்ட் சபை என்கிறார்கள், கத்தோலிக்க நலச் சேவை என்கிறார்கள். எல்லாம் ஒன்றா? எதற்கு இத்தனை பேர்?
- வாசகர், செங்காங்

ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பம். நம் ஊர்க் குடும்பம் மாதிரித்தான், சித்தப்பா பெரியப்பா எல்லாம் வேறு வேறு வீட்டில் இருப்பார்கள், கல்யாணத்துக்கு மட்டும் ஒரே பத்திரிகை. அந்தப் பத்திரிகைதான் காரித்தாஸ் சிங்கப்பூர். 2006-இல் இங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபையின் சமூக சேவைக்கென்று குடையாக வந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கோயிலில் உறை கொடுத்து நிதி திரட்டுகிறார்களே, அது இவர்களுக்காகத்தான்.

குடைக்குக் கீழே இருப்பவர்கள் பலர் குடையைவிட மூத்தவர்கள். வின்சென்ட் தே பவுல் சபை 1883-இலேயே சிங்கப்பூர் வந்துவிட்டது. ஓஃபிர் சாலையில் இந்தியக் கத்தோலிக்கர்களுக்கென்று லூர்து மாதா கோயில் கட்டி முடித்ததே 1888-இல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பர் புக்கிட் தீமாவில் உள்ள பாய்ஸ் டவுன் என்ற பையன்கள் இல்லம் 1948-இல் மொன்ஃபோர்ட் துறவறச் சகோதரர்கள் தொடங்கியது. போர் முடிந்து ஆதரவில்லாமல் திரிந்த பையன்கள் அப்போது நிறைய. கத்தோலிக்க நலச் சேவை 1959, அவர்கள் கையில் முதியோர் இல்லங்கள். தாம்சன் சாலையில் உள்ள அசிசி அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் 1969-இல் பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கியது, பக்கத்தில் உள்ள மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையும் அவர்களுடையதுதான். சிறைக்குப் போய்ப் பார்க்க ஒரு குழு, மனநலத்துக்குக் கிளாரிட்டி, இப்படிப் போகும்.

எங்கே போவது என்று தலை சுற்றினால் தோ பாயோ லோரோங் 8-இல் உள்ள அகாபே வில்லேஜுக்குப் போங்கள். 2015-இல் திறந்த கட்டடம், காரித்தாஸும் வேறு பல அமைப்புகளும் அங்கேயே இருக்கின்றன. புளோக் புளோக்காக அலைய வேண்டாம்.

அப்பாவுக்கு இரண்டாவது முறை வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஜூரோங்கில் உள்ள செயின்ட் ஜோசப் இல்லத்தில் சேர்க்க வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள்தான். சாமியாரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு நேரே போனால் இடம் கிடைக்குமா?
- வாசகர், பூன் லே

சிபாரிசுக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தம்பி. தாதிமை இல்லத்தில் மானியத்தோடு சேர்ப்பது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாகத்தான் நடக்கும். அப்பா இருக்கிற மருத்துவமனையின் சமூக ஊழியரோ, பலதுறை மருந்தகமோ விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மானியம் எவ்வளவு என்பது வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதை வைத்து. கத்தோலிக்கர் என்பதால் வரிசையில் முன்னே போக முடியாது, பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவுக்கு என்ன முறையோ உங்கள் அப்பாவுக்கும் அதுதான். விண்ணப்பத்தில் எந்த இல்லம் விருப்பம் என்று சொல்லி வையுங்கள், அவ்வளவுதான் செய்ய முடியும். வேண்டுமானால் முன்கூட்டிப் போன் செய்து ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே குழந்தைப் பராமரிப்பு நிலையமும் அதே கட்டடத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலிப் பாட்டிகளும் பால் போத்தல் பிடித்த பிள்ளைகளும் ஒரே கூரைக்கு அடியில்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வந்த பணிப்பெண். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் தேக்காவில் சுற்றிக் காசைக் கரைக்கிறேன். கோயில்காரர்கள் வகுப்பு நடத்துவதாகத் தோழி சொல்கிறாள். எனக்குச் சேர முடியுமா?
- வாசகி, தெம்பனிஸ்

முடியும், தாராளமாக. வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று மறைமாவட்டம், அதாவது இங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகம், நடத்துகிற அமைப்பு, ஏசிஎம்ஐ என்பார்கள். சமையல், பேக்கிங், ஆங்கிலம், முதியோரைப் பார்த்துக்கொள்வது இப்படி வகுப்புகள். ஆங்கிலத்தில் முதலில் சேர், தங்கச்சி. கேக் பிறகு செய்யலாம். வேலை இடத்தில் சிக்கல் என்றாலும் அவர்களிடம் பேசலாம். அப்புறம், 'லீவு விட்டால்' என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட வேண்டும். அது முதலாளி காட்டுகிற தயவு இல்லை.

வீடு மாற்றுகிறோம். பழைய துணி, பாத்திரம் நிறைய இருக்கிறது. கோயில் வாசலில் கொண்டுபோய் வைக்கலாமா?
- வாசகி, பொங்கோல்

வைக்காதீர்கள்! முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். ஒரு முறை எங்கள் கோயில் வராந்தாவில் இரவோடு இரவாக யாரோ ஏழு கறுப்புப் பை வைத்துவிட்டுப் போனார்கள், பிரித்தால் ஜிப் போன கால்சட்டை, ஒற்றைச் செருப்பு, அடிப்பிடித்த தோசைக்கல், யாருடையதோ கல்யாண ஆல்பம். இரண்டு சனிக்கிழமை அதைப் பிரித்தே போனது, குப்பைக்குத் தூக்கிப் போட ஆள் வேறு பிடிக்க வேண்டியிருந்தது. நல்ல நிலையில் உள்ள ரைஸ் குக்கர், விசிறி, போர்வை என்றால் வாங்கிக்கொள்வார்கள். உணவுப் பொருள் கொடுப்பதானால் தேதி பாருங்கள். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் இதைப் படித்தால் எழுதவும், இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.