மணிக்கயிறு இழுத்தால் ஓடிவரும் சின்னி

கேள்வி: "ரங்கூன் டவுனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் நாய் சின்னிக்கு இரண்டு வயதாகப் போகிறது. மழைக்காலத்தில் தெருவோரம் நனைந்து கிடந்தவளை என் மகன் எடுத்துவந்தான், அப்போதே நாலைந்து மாதக் குட்டி. ராத்திரி கடையை மூடிவிட்டு என் கணவர் வந்ததும் மார்பு உயரத்துக்கு எகிறுகிறாள். பெகுவிலிருந்து கணவரின் பெரியப்பா வந்தால் வாலை இடுக்கிக்கொண்டு அவர் காலடியிலேயே மூத்திரம் விட்டுவிடுகிறாள். கீழே மணிக்கயிற்றை யார் இழுத்தாலும் குரைப்பு. போன மாதம் கோயிலிலிருந்து பிரசாதம் கொண்டுவந்த பாட்டியம்மா மேல் தாவிவிட்டாள். சுவர் இருந்ததால் அவர் விழவில்லை. முழங்காலால் மார்பில் ஓர் இடி கொடுத்தால் தானாக அடங்கும் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம் டாக்டர்?"

உங்கள் மனசு சொல்வதுதான் சரி அம்மா. முழங்கால் வேண்டாம்.

அந்த யோசனையை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. செம்பழுப்பு நிற நாய் ஒன்று, எஜமானர் வந்தால் தோள் வரைக்கும் தாவும். "முழங்காலைத் தூக்குங்கள், நாலு நாளில் விட்டுவிடும்" என்றேன். விட்டுத்தான்விட்டது. மறுமாதம் ஊசி போட அந்த வீட்டுக்குப் போனபோது அவர் வெளியே போயிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாய் விருட்டென்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் குனிந்து பார்த்தேன். கண் இரண்டும் அவர்மேலேயே இருந்தன. வாலின் நுனி மட்டும் தரையில் டப், டப் என்று தட்டிக்கொண்டிருந்தது. வரவேற்க ஆசை, கிட்டே வரப் பயம். அதற்குப் பிறகு நான் யாருக்கும் முழங்காலைச் சொன்னதில்லை.

உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. ஒரே நாய் மூன்று பேரை மூன்று விதமாக எதிர்கொள்வதைப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். பலரும் இதை "ஆள் வந்தால் அடங்குவதில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். கணவரிடம் காட்டுவது சந்தோஷம், மணிச் சத்தத்துக்குக் காட்டுவது சந்தேகம், பெரியப்பாவிடம் காட்டுவது பணிவு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

முதலில் கணவர். நாய்க்குட்டி தன் தாயையோ வேறு பெரிய நாயையோ பார்த்ததும் நேரே வாயோரத்துக்குப் போய் நக்கும். ஓநாய்க் குட்டிகளும் அப்படித்தான். வேட்டையிலிருந்து திரும்பிய பெரியவை, அந்த நக்கலுக்கு இரையைக் கக்கிக் கொடுக்கும். பசிக்குப் பிறந்த அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகு பாச மொழியாக நிலைத்துவிடுகிறது. மனிதனுக்கோ வாய் ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. நக்க வேண்டுமென்றால் எகிறத்தானே வேண்டும்? சின்னி உங்கள் கணவரை அடக்கி ஆளப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத் தேடுகிறாள், அவ்வளவுதான்.

எத்தனை நேரம் பிரிந்திருந்தோம் என்பதும் அவளுக்குத் தெரிகிறது. 2011இல் சுவீடனில் 12 நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அரை மணி நேரத்தில் திரும்பிய எஜமானரைவிட, 2 மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து வந்தவரை அவை கூடுதல் துடிப்போடு எதிர்கொண்டன. 2022இல் ஜப்பானில் அசபு பல்கலைக்கழகத்தார் நாய்களின் கண்ணீரையே அளந்தார்கள். 5 மணி நேரத்துக்கு மேல் பிரிந்திருந்து எஜமானரைப் பார்த்ததும் கண்ணில் நீர் கூடியது. பழக்கப்பட்ட வேறு ஆளைப் பார்த்தபோது கூடவில்லை. காலையில் கடைக்குப் போனவர் ராத்திரி திரும்பும்போது சின்னி படும் பாட்டை இதை வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஓர் இடி விழுந்தால் அது எதற்கு விழுந்தது என்று அவளுக்கு எப்படி விளங்கும்?

அதனால் வரவேற்பை நிறுத்தப் பார்க்காதீர்கள். அதைத் தரைக்கு இறக்குங்கள். நாலு காலும் தரையில் இருந்தால் கணவருடைய முகமும் குரலும் கையும் எல்லாம் அவளுக்கு. ஒரு கால் கிளம்பினாலும் எதுவும் இல்லை. கணவர் கதவைத் திறக்கும் முன், தோல் நீக்கி வேகவைத்த கோழியைத் துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளி, ஏழெட்டுத் துணுக்கைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே வந்ததும், அவள் எகிறுவதற்கு முன்னாலேயே, அவற்றைத் தரையில் இறைத்துவிட வேண்டும். மூக்கு கீழே போனால் முன்கால் மேலே வராது. பொறுக்கித் தின்று முடிக்கும் அந்த அரை நிமிடத்தில் அவர் குந்திவிடலாம். இப்போது முகம் அவள் உயரத்துக்கே வந்துவிட்டது, இனி எகிற வேலையில்லை. குந்தியபடியே கழுத்தோரம் தடவிக் கொடுக்கட்டும், பேசட்டும், கொஞ்சட்டும். கோழியை வேகவைக்கும்போது வெங்காயமும் பூண்டும் போட வேண்டாம், இரண்டும் நாய்க்கு ஆகாது. ஙப்பி என்னும் உப்பு மீன் விழுது சேர்த்த எதுவும் வேண்டாம், அவ்வளவு உப்பு அவளுக்குக் கூடாது.

அப்படியும் எகிறினால்? கையை மார்போடு கட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். "சீ போ", "இறங்கு", "ஐயோ கைலி கிழியுது" எதுவும் கூடாது. திட்டுவதும் பேச்சுதான், கையால் தள்ளுவதும் கவனிப்புதான், ஏங்கிக் கிடக்கும் நாய்க்கு இரண்டுமே கூலி. கால் தரையைத் தொட்ட கணமே திரும்பிப் பேசுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எகிறல் முன்னைவிடக் கூடும். வழக்கமாகப் பலித்த வித்தை பலிக்கவில்லையே என்று பலமாக முயன்று பார்ப்பாள். அங்கேதான் முக்கால்வாசி வீடுகள் கைவிடுகின்றன. அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், "இன்னும் உயரமாக எகிறினால் கிடைக்கும்" என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் எடுத்துவந்தவன் அவன், அவன் மேல் தாவினால் அணைத்துக்கொள்வான் என்பது என் ஊகம். அவனோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பத்து முறைக்கு ஒரு முறை பலித்தாலும் நாய் அந்தப் பழக்கத்தை விடாது. அவன் கொஞ்சும் கொஞ்சலுக்கு அந்தப் பாட்டியம்மா விலை கொடுக்கிறார். விளையாட ஆசைப்பட்டால் முதலில் அவன் தரையில் உட்காரட்டும், பிறகு அவள் வரட்டும்.

இனி மணிக்கயிறு. மேலே பால்கனியில் மணி, கீழே தெருவில் தொங்கும் முனையில் பொருள் மாட்ட ஒரு கிளிப். பேப்பர்காரர் இழுப்பார், சாவி கேட்டுப் பக்கத்து வீட்டார் இழுப்பார், விருந்தாளியும் இழுப்பார். மனிதருக்கு இவ்வளவு வசதியான ஏற்பாடு நாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணி அடிக்கிறது, ஆள் தெரியவில்லை. மூன்று மாடி ஏறி வர நேரமாகிறது. படிக்கட்டில் காலடி நெருங்கிக்கொண்டே இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. கதவு திறக்கும்போது அவள் உடம்பு முழுக்க முறுக்கேறி நிற்கிறாள். பாட்டியம்மா மேல் பாய்ந்தது அந்த முறுக்குத்தான். அதைப் பாசம் என்று நான் நினைக்கவில்லை.

சின்னி உங்களிடம் வந்த வயதும் இதில் சேர்கிறது. நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம் ஏறக்குறைய 3ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரம் வரை. குடை பிடித்தவர், தடி ஊன்றியவர், தலையில் தட்டு சுமந்தவர், செவ்வாடை போர்த்துப் பாத்திரம் ஏந்தி வரும் புத்த பிக்கு எல்லாரையும் பயமில்லாமல் பார்த்துப் பழக வேண்டிய வாரங்கள் அவை. அந்த வாரங்களை அவள் எங்கே, எப்படிக் கழித்தாளோ நமக்குத் தெரியாது. அதற்காக இனி பழகவே பழகாது என்று அர்த்தமில்லை. மெதுவாகப் பழகும்.

மணியின் அர்த்தத்தை மாற்ற வேண்டும். வீட்டில் யாரும் வராத நேரமாகப் பார்த்து மகனைக் கீழே அனுப்பி ஒரு முறை, மெல்ல, கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். மணி அடித்த அடுத்த நொடி, கதவிலிருந்து தள்ளிப் போட்டிருக்கும் ஒரு பாயில் கோழித் துணுக்கு விழ வேண்டும். முதலில் மணி, அப்புறம் துணுக்கு. வரிசை மாறக்கூடாது. யாரும் மேலே வர வேண்டாம். ஒரு வேளைக்கு ஐந்தாறு தரம் போதும். ஒரு வாரம் பத்து நாளில் மணி அடித்ததும் கதவைப் பார்க்காமல் பாயைப் பார்ப்பாள். நாய் வளர்ப்பில் இதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி எனக்கு இல்லை. அதன் பிறகு மகன் படியேறி வரட்டும், பிறகு தெரிந்த அண்டைவீட்டார், பிறகு தெரியாதவர். அதுவரை உண்மையான விருந்தாளி வந்தால் சின்னியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வாசலைத் திறங்கள். பாட்டியம்மா போன்ற பெரியவர்கள் வரும்போது பரீட்சை வைக்காதீர்கள்.

வந்தவரை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதற்கு வாலை மட்டும் நம்பக்கூடாது. வால் ஆடினால் நட்பு என்று நம்பித்தான் நிறையப் பேர் கடிபடுகிறார்கள். 2007இல் இத்தாலியில் 30 நாய்களைப் படம்பிடித்து அளந்தார்கள். எஜமானரைப் பார்த்தபோது வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. மிரட்டும் தோரணையில் இருந்த அந்நிய நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் கூடியது. வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது, நீங்கள் இடம் வலம் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். முழு உடம்பையும் பாருங்கள். இடுப்பு வரை நெளிந்து, காது தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தால் சந்தோஷம். உடம்பு கட்டையாக நின்று, வால் கொடிமரம்போல் மேலே நின்று நுனி மட்டும் துடித்தால் கிட்டே விடாதீர்கள். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "என்னை விடுங்கள்" என்ற கெஞ்சல். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடக்கிவைத்த நாய் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் தாமதிக்காதீர்கள். வெறிநோய் பர்மாவில் இன்னும் இருக்கிறது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மனித மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டை விழுது எதையும் காயத்தில் அப்பக்கூடாது. சின்னியின் வெறிநோய் ஊசி அட்டையை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். வருஷம் தாண்டியிருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஊசி.

கடைசியாகப் பெரியப்பா. அவர் இதைப் படித்தால் வருத்தப்படக்கூடாது. சின்னிக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. வாலை இடுக்கி, உடம்பைச் சுருக்கி, மூத்திரம் விடுவது நாய்கள் தங்களுக்குள் செய்யும் பெரிய கும்பிடு. "நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதீர்கள்" என்பது அதன் பொருள். குட்டிகள் வளர வளர இதை விட்டுவிடும். தெருவில் அடிபட்டு வந்தவை பெரிதான பிறகும் செய்யும். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: மற்ற நேரங்களிலும் சொட்டுச் சொட்டாகப் போகிறாளா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாளா? அப்படியென்றால் மூத்திரப்பையில் கிருமி இருக்கலாம், அழைத்து வாருங்கள். பெரியப்பா வரும்போது மட்டும்தான் என்றால் நோய் இல்லை.

இங்கேதான் முழங்கால் வைத்தியம் பெரும் கேடு செய்யும். ஏற்கெனவே கும்பிட்டுக் கிடப்பவளை அதட்டினால் இன்னும் தாழ்ந்து கும்பிடுவாள், தரை இன்னும் நனையும். அவள் கண்முன்னால் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பதும் வேண்டாம். அவளை வேறு அறைக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுப் பேசாமல் துடைத்துவிடுங்கள். வினிகர் கலந்த தண்ணீர் வாடையை எடுக்கும்.

நம் பெரியவர்கள் நாயைக் கொஞ்சும் விதம் ஒன்று உண்டு. நேரே நடந்து வந்து, மேலே குனிந்து, கண்ணுக்குள் பார்த்து, கனத்த குரலில் பெயர் சொல்லி, உச்சந்தலையில் தட்டுவார்கள். எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் நாய்க்கு அது மேலே கவிழும் மலை. பெரியப்பா வருவது தெரிந்தால் முன்னாலேயே சின்னியைக் கீழே கூட்டிப்போய் மூத்திரம் விடவைத்து அழைத்து வாருங்கள். அவர் உள்ளே வரும்போது அவள் வாசலில் இருக்க வேண்டாம். அவர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும். அதற்குப் பிறகு அறைக்கதவைத் திறங்கள். அவர் அவளைப் பார்க்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். ஒரு கையை மட்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டிருக்கட்டும், விரல் மடங்கி, புறங்கை வெளியே இருக்கும்படி. உங்களோடு வழக்கம்போல் பேசிக்கொண்டிருக்கட்டும்.

அவள் சுற்றுவாள், நிற்பாள், கழுத்தை மட்டும் நீட்டி மோந்துவிட்டுப் பின்வாங்குவாள். அவர் கையை அசைக்கக்கூடாது. மூக்கு புறங்கையில் பட்டு, அவள் அங்கேயே நின்றால், ஒரு விரலால் தாடைக்கடியில் லேசாகச் சொறிந்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அவளே நெருங்குவாள். முதல் தடவை கிட்டவே வராமலும் போகலாம். அப்படிப் போனால் யாரும் அவளை இழுத்துக்கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். அடுத்த முறை அவர் பெகுவிலிருந்து வரும்போது அதே நாற்காலியில், அதே பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள்.