கவனக்குறைவு அல்ல, நரம்புக் கடத்தல் குறைவு

கேள்வி: எனக்கு 36 வயது, திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண் மங்கியபோது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். நடப்பதில் குறையில்லை. ஆனால் ரசீதுகளைப் பதியும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் தெரியாமல் போகிறது. கோலம் போடக் குனிந்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை மின்சாரம் பாய்கிறது; வலது கை விரல்கள் எப்போதும் உறை மாட்டியதுபோல் இருக்கின்றன. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய், கவனம்தான் போதவில்லை" என்கிறார் கணவர். இது நோயா, என் குறையா? போகப்போக எல்லாம் மறந்துவிடுமா?

பதில்: நோய்தான். எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையையே தாக்குவதால், செய்திகள் தாமதமாகவோ சிதறியோ போய்ச் சேர்கின்றன. இந்த நோயாளிகளில் 40 முதல் 65 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறனில் ஏதோ ஒரு குறைபாடு காணப்படுகிறது. அதில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது நினைவைவிட, வந்த தகவலைக் கையாளும் வேகம்தான். இதை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு: ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்கள் தாளின் மேலே தரப்பட்டிருக்கும், கீழே கலைந்து கிடக்கும் குறிகளுக்கு உரிய எண்களை 90 விநாடிகளில் எத்தனை சொல்ல முடிகிறது என்று பார்ப்பார்கள். சொன்னவை எல்லாம் சரியாக இருக்கும், எண்ணிக்கைதான் குறைந்திருக்கும் என்பதைப் பலரிடம் காணலாம். உங்கள் கணவரையும் அந்தச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒன்றரை நிமிடம் அவருக்கு நன்றாகப் புரியவைக்கும்.

எல்லாம் மறந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். இது அல்சைமர் நோயின் போக்கில் செல்வதில்லை. மொழியும் பொது அறிவும் பெரும்பாலும் நிலைத்திருக்க, புதிய ஒன்றை மனத்தில் பதிக்கத்தான் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. ஆகவே கடினமான கணக்கைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். யாராவது கூப்பிட்டால், நிமிர்வதற்கு முன் கடைசியாகப் பதிந்த ரசீதின்மேல் ஒரு பென்சில் கோடு போட்டுவிடுங்கள். அதே சமயம் எல்லாப் பழியையும் எம்.எஸ். மேல் போடுவதும் தவறு. தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் இதே மந்தத்தைத் தரும். சிறுநீர் அவசரத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் தரும். இவை சரிசெய்யக்கூடியவை என்பதால் இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

குனியும்போது பாயும் மின்னலுக்கு லெர்மிட் அறிகுறி என்று பெயர். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உறை தேய்ந்த இடம், கழுத்தை மடக்கும்போது இழுபடுவதால் அது வருகிறது. அந்தப் பாய்ச்சலே புதிய சேதத்தை உண்டாக்குவதில்லை. இடுப்பை வளைத்துத் தலையைத் தொங்கவிடாமல், குத்தவைத்து உட்கார்ந்து கோலம் போட்டுப் பாருங்கள். ஆனால் உணர்வு குறைந்த வலது கையை நம்பி வாணலிப் பிடியைத் தொடாதீர்கள். சூட்டை இடது கையால் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.எஸ். உள்ள என் மனைவிக்கு, அடுப்படியில் அரை மணி நேரம் நின்றால் முன்பு பாதிக்கப்பட்ட கண் மங்குகிறது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் தெளிகிறது. நோய் முற்றுகிறதா? வேலூர் வெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: இல்லை. 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப், உடற்பயிற்சிக்குப் பிறகு இப்படிப் பார்வை மங்குவதை விவரித்தார். உறை தேய்ந்த நரம்பில் உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் கடத்தல் தடைபடுகிறது, குளிர்ந்ததும் மீள்கிறது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயைக் கண்டறிய முயன்றார்கள் என்றால் பாருங்கள்! சமையலை வெயில் ஏறுமுன் முடிப்பதும், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வதும் போதுமான அளவு உதவும்.

காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய அறிகுறிகளே திடீரெனக் கூடினால் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் தொற்றும் இதையே செய்யும், எம்.எஸ். புதிதாகத் தாக்கும்போது தரப்படும் ஸ்டீராய்டு அதற்கு மருந்தல்ல.