நகையை அடகு வைக்கும் முன்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் உயர்தரம் கலைப்பிரிவு. தோட்டத்துக்கு ஏதாவது செய்யணும் என்கிறாள். மாமாமார் கொழும்பில் தனியார் சட்டப் பட்டத்துக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?"

வைக்காதீர்கள், அம்மா. மாமாமாருக்குக் குடும்பத்தில் ஒரு லோயர் வேண்டும். கட்டணத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்கும் வெளிநாட்டுப் பட்டம் முடித்தாலும் சட்டத்தரணியாகச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் பயிற்சியும் மிச்சமிருக்கும். அந்த ஆண்டுகளின் அறை வாடகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

யாரும் எண்ணிப் பார்க்காதது சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இலேயே எழுதியாயிற்று. இன்றும் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்கிறார்கள் நம் ஆட்கள். அந்த மேசையில் இருக்க ஒருவர் வேண்டும். களனி, சப்ரகமுவ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கை பட்டப்படிப்பாகவே உண்டு. அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை.

மகளுக்கு இந்த மொழிபெயர்ப்பு வேலையில் நாட்டம் உண்டா என்பதை இப்போதே பார்க்கலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டபின் தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகும் பாதை பற்றி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு அவள் கடிதம் எழுதட்டும். "ஏன் பாதை போடவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் வராது, சபையின் கையிலிருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். "கடந்த 2 ஆண்டுகளில் இந்தப் பாதைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை, வவுச்சர் பிரதிகள்" என்று எழுத வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வைக்கட்டும்! 14 வேலை நாளில் முடிவு வராவிட்டால், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் சிங்களத்தில் வந்தால் முதலில் அவளே தமிழாக்கிப் பார்க்கட்டும், பிறகு தமிழ்ப் பிரதி கேட்கட்டும். மூன்று கடிதத்தில் சலித்துப்போனால் இது அவள் தொழிலல்ல, சட்டமும் அல்ல.

சலிக்கவில்லையா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, எந்தப் பல்கலைக்கழகம் எந்த மொழிகளைக் கேட்கிறது என்று பாருங்கள். மொழிபெயர்ப்புக் கற்கைக்கு உளச்சார்புப் பரீட்சை (திறமை இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வு) உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் உயர்தரப் பெறுபேற்றின் இசெட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. பத்திரிகை அறிவித்தலை மகளே பார்த்து வரட்டும்.