தம்பி வரமாட்டான் என்றால், நாங்கள் மட்டும் போய் என்ன பயன்?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஏழெட்டு வருடமாகக் குடிக்கிறான். இப்போது காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறான். இரண்டு வேலை போய்விட்டது. அவன் கடனை நான் இரண்டு முறை அடைத்தேன். அம்மாவால் அவனுக்குப் பணம் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. சிகிச்சை என்று சொன்னாலே எழுந்து போய்விடுகிறான். குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுவுக்குப் போகச் சொல்கிறாள் என் தோழி. அவன் வராமல் நாங்கள் மட்டும் போய் என்ன பயன்? விஷயம் வெளியே தெரிந்துவிடாதா? இதற்கிடையில் ஒருவர் தொலைபேசியில் பேசினார். ஒரே தொகையாகக் கட்டினால் குடும்ப ஆலோசனையும் சேர்த்து 90 நாளில் குடியை நிறுத்திக் காட்டுவதாகச் சொல்கிறார். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறாள் அம்மா. என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தத் தொலைபேசி நபருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். முன்பணம், பதிவுக் கட்டணம், இடம் பிடித்து வைப்பதற்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழுவுக்குப் போவதில் பயன் உண்டு. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் பயன் வேறு. தம்பியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரிந்துகொள்ளத்தான் முதல் நாள் எல்லோரும் வருகிறார்கள். அந்தக் குழுக்கள் அதற்காக உருவானவை அல்ல. குடிப்பது ஒருவர் என்றாலும் தூக்கம் போவது வீட்டில் எல்லோருக்கும்தான். கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு என்று கணிக்கிற காது உங்களுக்கு வந்திருக்கும். தொலைபேசி மணி அடித்தால் வயிறு கலங்கும். அவன் நிலையைப் பொறுத்து உங்கள் நாள் நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆகிவிடும். குழு கவனிப்பது இதைத்தான். அங்கே நோயாளி நீங்கள். இப்படிச் சொல்வது பலருக்குக் கோபம் தருகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவற்றில் பழையதும் பரவலானதும் அல்-அனான். குடியை விட நினைப்பவர்களின் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன், இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து 1951-ல் குடும்பத்தினருக்கென்று இதைத் தொடங்கினார். கணவர் குடியை விட்ட பிறகும் தன் மனம் அமைதியாகவில்லையே என்பதைக் கவனித்தவர் அவர். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957-ல் வந்தது. போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு நார்-அனான் இருக்கிறது. இறைநம்பிக்கை சார்ந்த பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி அமைப்பு நடத்தும் குடும்பக் கூட்டங்கள் உண்டு. இணையவழியிலும் நிறைய நடக்கின்றன.

உள்ளே என்ன நடக்கும் என்கிற பயம்தான் பாதிப் பேரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. சுமார் ஒரு மணி நேரம், அல்லது ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பெயரை மட்டும் சொன்னால் போதும், முழுப்பெயர், முகவரி, தொழில் எதையும் கேட்க மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ கூடாது. பேச விருப்பமில்லை என்றால் ‘இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்’ என்று சொல்லிவிடலாம். மருத்துவரோ ஆலோசகரோ தலைமை தாங்குவதில்லை. உறுப்பினர்களே முறை வைத்து நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் உண்டியல் சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம், போடாமலும் வரலாம்.

வெளியே தெரிந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். அங்கே பார்த்தவரை, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்தக் குழுக்களின் அடித்தளம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் வீட்டிலும் இதே கதைதான், அதனால் ரகசியம் காப்பது அவர்களுக்கும் தேவை. தெரிந்தவர் யாராவது கண்ணில் பட்டால், அவரும் உங்களைப் போலவே பயந்துகொண்டுதான் வந்திருப்பார். அப்படியும் தயக்கமாக இருந்தால் சற்றுத் தள்ளியிருக்கும் குழுவுக்குப் போங்கள், அல்லது இணையவழியில் தொடங்குங்கள். ஒரு முறை போய்விட்டு ‘எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு வேண்டாம்’ என்று முடிவெடுக்காதீர்கள். ஆறு கூட்டமாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பது அவர்களே புதியவர்களுக்குச் சொல்வது. என் அனுபவத்திலும் மூன்றாவது, நான்காவது முறைதான் காது திறக்கிறது.

அங்கே அடிக்கடி காதில் விழும் மூன்று வரிகள் உண்டு. இதை நான் உண்டாக்கவில்லை. இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது. இதை என்னால் குணமாக்கவும் முடியாது. முதல் வரியைக் கேட்டுப் பல தாய்மார்கள் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் அந்த வரி தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

இனி, உங்களில் பலரிடம் யாரும் சொல்லாத ஒரு விஷயம். 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் குடும்பத்தினர் 130 பேரை மூன்று வழிகளில் பயிற்றுவித்தார்கள். அல்-அனான் பாணியில் போனவர்களின் வீட்டில் 100-க்கு 13 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே கூடி நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து பேசும் முறையில் 30 பேர். கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சியில் 64 பேர். ஆனால் குடும்பத்தினரின் மனச்சோர்வும் கோபமும் குறைந்தது மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் மனம் தேற ஆதரவுக் குழு, தம்பியை அழைத்து வர கிராஃப்ட். இரண்டுக்கும் சேர்ந்தே போகலாம்.

அந்தப் பயிற்சியில் மந்திரம் ஏதும் இல்லை. அவன் தெளிவாக இருக்கும்போது நெருக்கம் காட்டுவது. குடித்திருக்கும்போது சண்டை போடாமல் விலகிக்கொள்வது. அவன் குடியால் வந்த விளைவை அவன் கண்ணிலிருந்து மறைக்காமல் விடுவது. அவனே நொந்துபோய் இருக்கும் நேரம் பார்த்து, தயாராக வைத்திருக்கும் சிகிச்சையைச் சுருக்கமாக முன்வைப்பது. சொல்ல எளிது, செய்யப் பழக வேண்டும். இதைப் படைத்தவர் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர். பத்தாண்டுகளாக அல்ல, அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இது புழக்கத்தில் இருக்கிறது. அப்படியும் போதை சிகிச்சை தருகிறோம் என்கிற பல இடங்களில் இதன் பெயர்கூடத் தெரியாது. குடும்பத்தை உள்ளே கூப்பிட்டு, நோயாளியின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, ‘வெளியே இருங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பி வைக்கும் நாளில் ஒரு மருந்துச் சீட்டு கைக்கு வரும், அவ்வளவுதான். எத்தனையோ ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

‘அவர் வயது வந்தவர், அவரைப் பற்றி உங்களிடம் பேச முடியாது’ என்று ஒரு பதில் வரும். சரி, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி மருத்துவர் உங்களிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் சொல்வதை மருத்துவர் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. எவ்வளவு குடிக்கிறான், எத்தனை மணிக்குத் தொடங்குகிறான், வலிப்பு வந்ததுண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அந்தத் தொலைபேசி நபர். மருத்துவம் இப்படிக் கதவைச் சாத்திக்கொள்வதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் தரகர்கள். ஆள் சேர்த்துவிட்டால் ஏதோ ஒரு மையம் இவர்களுக்குக் கமிஷன் தரும். உங்கள் பேச்சிலிருக்கும் பதற்றம்தான் இவர்களுடைய மூலதனம். எத்தனை நாளில் குணம் என்று யாராலும் உறுதி தர முடியாது. குடிநோய் நீண்ட நாள் நோய். நன்றாகத் தேறியவர்களிலும் பலர் இடையில் சறுக்கி, மறுபடி எழுந்தவர்கள்தான். ‘இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், இடம் போய்விடும்’ என்று அவசரப்படுத்துவார்கள். மருத்துவர் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ‘ராத்திரியில் ஆள் அனுப்பித் தூக்கிவிடுகிறோம், நீங்கள் கதவைத் திறந்துவிட்டால் போதும்’ என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிக் கொண்டுபோகப்பட்ட ஒரு பையனுக்கு, திரும்பி வந்தபின் குடியைவிடத் தன் அப்பாவை மன்னிப்பதுதான் கடினமாக இருந்தது. அந்த அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதது இன்னும் மறக்கவில்லை.

குடும்பக் குழு என்ற பெயரிலேயே சிலர் ஆள் பிடிக்கிறார்கள். முதல் நாளே பணம் கேட்டால், முழு விவரமும் நோயாளியின் புகைப்படமும் கேட்டால், ஒரே மையத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அது ஆதரவுக் குழு இல்லை, கடை. நல்ல குழுவுக்குள்ளும் ஒரு எச்சரிக்கை வேண்டும். உங்கள் துயரத்தைப் பார்த்துவிட்டு அளவுக்கு மீறி நெருங்கி வருபவர்கள், கைமாற்று கேட்பவர்கள், எதையாவது விற்க வருபவர்கள் எங்கும் இருப்பார்கள். கூட்டத்தில் பேச வேண்டியதைக் கூட்டத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது பொடியோ மாத்திரையோ தந்தால், தயவுசெய்து தொடாதீர்கள். இப்படி விற்கப்படுவதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. சிலவற்றில், குடியை விடுவதற்காக மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் வரை பாதிக்கும். உயிரும் போகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். நோயாளிக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கவே கூடாது என்பது அந்த மருந்துக்கான அடிப்படை விதி.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி கடன் பற்றியது அல்ல. ‘காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். குழுவில் ‘முட்டுக் கொடுக்காதீர்கள், விலகி நில்லுங்கள், விளைவை அவனே சந்திக்கட்டும்’ என்பார்கள். பெரும்பாலும் சரியான பேச்சுதான். கடனை மூன்றாவது முறை நீங்கள் அடைக்கக் கூடாது, வேலையிடத்துக்குப் போன் செய்து அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது. ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவருக்கு இந்தப் பேச்சை அப்படியே பொருத்திவிடாதீர்கள். அவர் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி தடுமாறலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், காய்ச்சல் ஏறலாம். இதில் இறந்தவர்கள் உண்டு.

குழுவிலிருந்து உற்சாகமாகத் திரும்பி, அன்றே பணத்தை அடியோடு நிறுத்தி, மகனை அறைக்குள் வைத்துப் பூட்டிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். மறுநாள் மாலை அவனுக்கு வலிப்பு வந்தது. ‘விளைவைச் சந்திக்கட்டும் என்றுதானே சொன்னார்கள்’ என்றார்கள். வலிப்பு அவன் சந்திக்க வேண்டிய விளைவு அல்ல, மருத்துவர் தடுத்திருக்கக்கூடிய ஒன்று. அதனால் உங்கள் வீட்டில் வரிசை மாற வேண்டும். முதலில் ஒரு மருத்துவரிடம் நீங்கள் தனியாகப் போய், போதைநீக்க சிகிச்சைக்கு எங்கே, எப்போது சேர்க்கலாம் என்று கேட்டுவையுங்கள். அதன் பிறகுதான் பணத்தில் கைவையுங்கள். அவனே ஒரு நாள் ‘இன்றோடு விட்டேன்’ என்று சொன்னாலும் மகிழ்ந்துபோய் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலிப்போ, குழப்பமான பேச்சோ, நில்லாத வாந்தியோ வந்தால் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் விலகி நிற்பது பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போவது தம்பிக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வரும். ஒளிக்க வேண்டாம். அவன் தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில் ‘எனக்குத் தூக்கம் போய்விட்டது, எனக்காக ஒரு கூட்டத்துக்குப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘உன்னால்தான்’ என்று சேர்க்காதீர்கள். கோபப்படுவான், கிண்டல் செய்வான். பதில் சொல்லாமல் கிளம்பிவிடுங்கள்.

அம்மாவை முதல் கூட்டத்துக்கே அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். பிறகு அழைத்துப் போனால், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டாம். நீங்கள் அருகில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மா பேசுவார். இருவரும் வெவ்வேறு குழுக்களுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்தத் தொலைபேசி எண்ணை அம்மாவின் போனிலும் தடுத்து வைத்துவிடுங்கள்.